ஐப்பசியில் வண்டியைக் கழற்றுகிறவர்களுக்கு

தீபாவளி முடிந்து மழை பிடித்துக்கொண்டால் கும்பகோணத்தில் எங்கள் பட்டறைக்கு வரும் வண்டிகளின் ரகம் மாறிவிடும். பிரேக் பிடிக்கவில்லை, ஸ்டார்ட் ஆகவில்லை என்று அவசரத்துக்கு வருகிறவர்கள் ஒரு பக்கம். இன்னொரு பக்கம், "அண்ணே, பொங்கல் வரைக்கும் இது வீட்டுல சும்மாதான் நிக்கப்போகுது, அதுக்குள்ள ஏதாவது பண்ணிடலாமா?" என்று கேட்டுக்கொண்டு மீட்டியோர், பழைய தண்டர்பேர்டு, அவெஞ்சர் என்று க்ரூசர் பைக்குகளை, அதாவது தாழ்ந்த சீட்டில் சாய்ந்து உட்கார்ந்து ஓட்டும் பைக்குகளை, தள்ளிக்கொண்டு வருகிற தம்பிகள். சிங்கப்பூரிலிருந்து லீவுக்கு வந்தவர்களும் இதில் உண்டு. கைப்பேசியில் ஏதோ ஒரு அமெரிக்க வண்டியின் படத்தைக் காட்டி, "இதே மாதிரி" என்பார்கள்.

குளிர்நாடுகளில் பனி விழத் தொடங்கியதும் க்ரூசரை உள்ளே ஏற்றி, வசந்தம் வரும்வரை நிதானமாகக் கழற்றிப் பூட்டுவது வழக்கம். நமக்குப் பனிக்குப் பதில் வடகிழக்குப் பருவமழை. ஐப்பசி, கார்த்திகையில் நல்ல வண்டியைச் சேற்றில் இறக்க யாருக்கும் மனசு வராது. அதனால் யோசனையில் தப்பில்லை. எந்த வேலையை இந்த மழையில் செய்யலாம், எதைத் தள்ளிப்போட வேண்டும், எதைத் தொடவே கூடாது என்பதுதான் கேள்வி.

என்னிடம் கேட்டால் ஒரே அளவுகோல்தான். ஸ்பேனரால் மாட்டி, நாளைக்கு அதே ஸ்பேனரால் கழற்றிப் பழையபடி ஆக்க முடியுமா? சரி, செய்வோம். கிரைண்டரும் வெல்டிங்கும் கேட்கிற வேலையா? வேண்டாம்.

சட்டமும் கிட்டத்தட்ட இந்த இடத்தில்தான் கோடு போடுகிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, ஆர்.சி.யில் உள்ள விவரத்துக்கும் கம்பெனி கொடுத்த வடிவத்துக்கும் மாறாக வண்டியின் அமைப்பை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அதே ஆண்டு திருத்தப்பட்ட சட்டத்தில், அனுமதியில்லாமல் மாற்றினால் வண்டிக்காரருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டுமே என்று இருக்கிறது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் என்பதைக் கவனியுங்கள். முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கை நீட்டுவது, சேஸியின் பின்பக்கத்தை அறுத்துக் குட்டையாக்குவது எல்லாம் இதில் வரும். இன்சூரன்ஸ் கம்பெனியிடம் சொல்லாமல் செய்த மாற்றம், விபத்துக்குப் பிறகு க்ளெய்ம் கேட்கும்போது வம்பாக வந்து நிற்கும்.

சட்டத்தை விடுங்கள், ரோட்டைப் பாருங்கள். வாய்க்கால் கரையை ஒட்டிப் போகும் ஒற்றை வழிச் சாலை, மதகுக்கு மதகு ஒரு வளைவு, எதிரே பஸ். அங்கே ஃபோர்க் நீட்டிய வண்டியைத் திருப்பவே இடம் பத்தாது. அந்த வடிவம் நேராக நூறு மைல் போகிற ரோட்டுக்காக உண்டானது.

பெரும்பாலானவர்கள் முதலில் கேட்பது ஹேண்டில்பார். உயரமான பார் போட்டால் முதுகுக்குச் சுகம் என்பது உண்மைதான், ஒரு அளவு வரைக்கும். பார் உயர்ந்தால் அதோடு கிளட்ச் கேபிள், ஆக்சிலரேட்டர் கேபிள், பிரேக் ஹோஸ், சுவிட்ச் வயர் எல்லாம் நீள வேண்டும். பாரை மட்டும் வாங்கி வந்து "மாட்டிக் கொடுங்க" என்றால் இவையெல்லாம் இழுபட்டு நிற்கும். உங்கள் வண்டியில் ஏற்கெனவே பார் மாற்றியிருந்தால் இதைச் சோதித்துப் பாருங்கள்: நியூட்ரலில் இன்ஜினை ஓடவிட்டு, ஹேண்டிலை இடது கோடிக்கும் வலது கோடிக்கும் மெதுவாகத் திருப்புங்கள். திருப்பும்போது இன்ஜின் சத்தம் தானாக ஏறினால் ஆக்சிலரேட்டர் கேபிள் இழுபடுகிறது. சந்தில் யு-டர்ன் போடும்போது வண்டி தானாகப் பாயும். அப்படியே கோடியில் வைத்துக்கொண்டு பிரேக் ஹோஸை விரலால் அழுத்துங்கள். விரலுக்கு வளைந்து கொடுக்க வேண்டும். வீணைத் தந்திபோல விறைத்திருந்தால் அந்த வண்டியை ஓட்டாதீர்கள்.

ஹோஸ் மாற்றினால் பிரேக் ஆயிலும் புதிதாக ஊற்ற வேண்டும். இந்த ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். மழைக்காலத்தில் மூடி திறந்து வைத்த பாட்டிலில் மிச்சம் இருப்பதை அடுத்த வாரம் ஊற்றுவது கூடவே கூடாது. சீல் உடைக்காத சின்ன பாட்டில் வாங்குங்கள். டேங்க் மேல் சொட்டுப் பட்டால் பெயிண்ட் உரிந்துவிடும் என்பதால் கனமான துணி போட்டு மூடிவிட்டுத்தான் வேலையைத் தொடங்க வேண்டும். பாருக்கு அடியில் வைக்கும் கட்டையான ரைசர் ஒன்றை அளவாகப் போட்டுப் பழைய பாரையே கொஞ்சம் தூக்கி, நம் பக்கம் இழுத்துக்கொண்டாலே பாதிப் பேருக்கு முதுகுவலி போய்விடுகிறது. செலவும் குறைவு. ஆனால் படத்தில் உள்ள மாதிரி இருக்காது, அதனால் பிடிக்காது!

அடுத்தது வயரிங். மழை மாதங்களில் எங்களுக்கு அதிகமாக வரும் கோளாறே இதுதான். ஃபாக் லைட், ஹாரன், சார்ஜர் என்று எதையாவது கூட்டும்போது, ஓடுகிற வயரின் தோலைச் சீவி, புது வயரைச் சுற்றி முறுக்கி, கறுப்பு டேப்பை ஒட்டிவிடுவார்கள். வெயில் காலம் முழுக்க நன்றாகத்தான் எரியும். கார்த்திகையில் ஹெட்லைட் கிண்ணத்தைத் திறந்தால் டேப்பின் பசை உருகி வழிந்து, அது விலகிய இடத்தில் ஈரம் ஏறி, செம்புக் கம்பி பச்சை பூத்திருக்கும். லேசாக இழுத்தால் கையோடு வரும். இரவில் திருவாரூர் ரோட்டில் விளக்கு பொசுக்கென்று அணைவதற்குக் காரணம் இந்தப் பச்சைதான்.

சரியான முறை ஒன்றும் பெரிய வித்தையில்லை. பேட்டரியிலிருந்து தனி வயர், அதன் தொடக்கத்திலேயே ஃபியூஸ், நடுவில் ரிலே (சின்ன கரண்டால் பெரிய கரண்டைத் திறந்து மூடும் சுவிட்ச்), இணைப்புகளுக்குத் தண்ணீர் புகாத கப்ளர். கம்பெனி வயரில் கத்தியே படக் கூடாது. பழைய ஹாலஜன் ஹெட்லைட்டில் 60 வாட் பல்புக்குப் பதில் 100 வாட் போடுகிறவர்களுக்கும் இதே பதில்தான். 60 வாட் ஐந்து ஆம்பியர் இழுக்கும். 100 வாட் எட்டுக்கு மேல் இழுக்கும். சுவிட்சும் வயரும் ஐந்துக்காகச் செய்யப்பட்டவை, சூடேறி இளகிவிடும். எதிரே வருகிறவர் கண் கூசி வாய்க்காலில் இறங்கினால் அது தனிப் பாவம்.

சைலன்சரைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் கேட்கிறவர்கள் எப்படியும் கேட்கப்போவதில்லை. 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பி.எஸ். 6 (புகை அளவுக்கான அரசு விதி) வண்டிகளில் சைலன்சர் வழியில் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரும் ஆக்சிஜன் சென்சாரும் இருக்கின்றன. அதைக் கழற்றிவிட்டு வெறும் குழாயை மாட்டினால் பெட்ரோல்-காற்றுக் கணக்கு குழம்பி இன்ஜின் அதிகமாகச் சூடாகலாம். 175 சி.சி.க்கு மேற்பட்ட பைக்குகளுக்கு ஒலி வரம்பு 80 டெசிபல். ஒலி, புகை விதிகளை மீறினால் முதல் தடவையே 10,000 ரூபாய் வரை அபராதமும் மூன்று மாதம் லைசென்ஸ் இழப்பும் சட்டத்தில் உண்டு. எங்கள் பட்டறையில் இந்த வேலை செய்வதில்லை.

சக்கரம் மாற்றுவதிலும் ஒரு பொறி இருக்கிறது. பின்னால் குண்டு டயர் போட்டால் கம்பீரம்தான். ஆனால் பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏ.பி.எஸ்., இரண்டு சக்கரங்களும் சுற்றும் வேகத்தைத்தான் ஒப்பிட்டுக்கொண்டே இருக்கிறது. டயரின் சுற்றளவு மாறினால் அந்தக் கணக்கு பிசகும். கம்பெனி சொன்ன அளவிலேயே நல்ல பிடிப்புள்ள டயராகப் போடுங்கள்.

இப்போது பெயிண்ட். இந்த மூன்று மாதம் வண்டியைக் கழற்ற ஏற்ற காலம், பெயிண்ட் அடிக்க மட்டும் ஏற்காத காலம். காற்று முழுக்க ஈரம். சாதாரணக் கொட்டகையில் அடித்தால் பளபளப்பு காய்வதற்குள் மேலே வெள்ளையாக மூட்டம் படரும், அல்லது சில மாதம் கழித்து உள்ளிருந்து கொப்புளம் கிளம்பும். சூடேற்றும் அறை உள்ள பெயிண்டராக இருந்தால் வேறு விஷயம். இல்லையென்றால் டேங்க், மட்கார்டு வேலையைத் தை மாத வெயிலுக்கு ஒத்திவையுங்கள். பவுடர் கோட்டிங் மட்டும் விதிவிலக்கு. அதை அடுப்பில் வைத்துச் சுட்டு எடுப்பதால் வெளியே மழை பெய்தாலும் பரவாயில்லை. லெக் கார்டு, கேரியர், பேக்ரெஸ்ட் கம்பி ஆகியவற்றை இப்போதே கொடுத்துவிடலாம். நட்டு ஏறும் மரைகளை மறைத்து அடிக்கச் சொல்லுங்கள்.

நிறத்தையே மாற்றுவதானால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் ஆர்.சி.யில் பதிந்தாக வேண்டும். "மிலிட்டரி பச்சை" கேட்டு வருகிறவர்களுக்கு ஒரு தகவல்: மத்திய மோட்டார் வாகன விதி 121-இன்படி ஆலிவ் கிரீன் நிறம் ராணுவ வண்டிகளுக்கு மட்டுமே உரியது. வேறு ஏதாவது பச்சையாகப் பாருங்கள்.

மழைக்காலத்துக்கு என்றே அமைந்த வேலை சீட்டு. ஃபோமைச் சீவி, உட்காரும் இடத்தை உங்கள் இடுப்புக்கு ஏற்றபடி வடித்து, புது ரெக்சின் தைக்கலாம். டைமண்ட் தையல் அழகு, ஆனால் ஒவ்வொரு ஊசித் துளையும் தண்ணீர் குடிக்கும். ஊறிய ஃபோம் லேசில் காயாது. உட்கார்ந்ததும் பேண்ட் நனையும். ஃபோமுக்கும் ரெக்சினுக்கும் நடுவே ஒரு மெல்லிய பிளாஸ்டிக் விரிப்பு வைத்துத் தைக்கச் சொல்லுங்கள். அதேபோல் விண்ட்ஷீல்டு, பேக்ரெஸ்ட், பக்கப்பை, கம்பெனியே விற்கும் அகலமான ஃபுட்ரெஸ்ட் எல்லாம் போல்ட்டில் நிற்கிற சமாச்சாரங்கள், தாராளமாகச் செய்யலாம். பக்கப்பை மட்டும் சைலன்சரைத் தொடாமல் இரும்புத் தாங்கியில் நிற்க வேண்டும். டேங்க் சின்னத்தைப் பித்தளையில் செய்யக் கேட்கிறவர்களை நான் நாச்சியார்கோவில் பக்கம் அனுப்பிவிடுவேன். குத்துவிளக்கு வார்க்கிற ஊரில் அதற்குக் கை இருக்கிறது.

வேலை நடக்கும்போதும் நடக்காதபோதும் வண்டி எப்படி நிற்கிறது என்பதில்தான் பாதி விஷயம் இருக்கிறது. வயலில் தண்ணீர் ஏறினால் எலி மேட்டைத் தேடி வரும். வைக்கோல் போருக்குப் பக்கத்தில் நிறுத்திய வண்டியின் ஏர் ஃபில்டர் பெட்டிக்குள் கூடு கட்டி, வயர் முழுவதையும் கொறித்து வைத்த வழக்குகள் ஒவ்வொரு ஆண்டும் வருகின்றன. தார்ப்பாயால் இறுக்கி மூடினால் உள்ளே புழுங்கித் துரு பிடிக்கும். பழைய வேட்டி போதும். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் உப்புக்காற்று வேறு, அங்கே குரோம் பாகங்களில் லேசாக மெழுகு பூசிவிடுங்கள்.

தினமும் காலையில் ரெண்டு நிமிஷம் ஸ்டார்ட் பண்ணி வைத்தால் நல்லது என்று ஒரு நம்பிக்கை ஊர் முழுக்க இருக்கிறது. நல்லதில்லை. அந்த நேரத்தில் இன்ஜின் முழுச் சூட்டுக்கு வராது. எரிப்பில் உண்டாகும் நீராவி சைலன்சருக்குள்ளும் ஆயிலுக்குள்ளும் தங்கிவிடும். ஸ்டார்ட்டர் தின்ற சார்ஜும் பேட்டரிக்குத் திரும்பாது. அதற்குப் பதில் பேட்டரியை, நெகட்டிவ் முனையை முதலில் எடுத்து, கழற்றி வீட்டுக்குள் வையுங்கள். மாதம் ஒருமுறை சார்ஜ் போடுங்கள். இப்போதைய பெட்ரோலில் எத்தனால் கலந்திருப்பதால் அது ஈரத்தை இழுக்கும். பாதி டேங்கில் காற்றுக்கு இடம் அதிகம். டேங்க் நிரம்ப இருக்கட்டும். டேங்கைக் கழற்றும் வேலை என்றால் பெட்ரோலைக் கேனில் வடித்து, வெல்டிங் பொறி பறக்காத வேறு அறைக்குக் கொண்டுபோய்விடுங்கள். காலி டேங்க் என்று நினைத்து அதில் வெல்டிங் வைக்க யாரையும் விடாதீர்கள். மிச்சமிருக்கும் ஆவி போதும் வெடிப்பதற்கு.

நிற்கிற இடத்தில் வெள்ளம் ஏறி இன்ஜின் மூழ்கிவிட்டதா? சாவியைத் தொடாமல் பட்டறைக்குச் சொல்லுங்கள். இன்ஜினில் ஆயில் அளவு பார்க்கும் கண்ணாடியில் பால் டீ நிறம் தெரிந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது. அந்த நேரத்தில் செல்ஃப் அடித்தால் பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளைய வாய்ப்புண்டு.

கடைசியாக, கழற்றும் ஒவ்வொரு பாகத்தையும் கழற்றுவதற்கு முன் போட்டோ எடுத்து, போல்ட்டுகளைத் தனித்தனிப் பையில் பெயர் எழுதிப் போடுங்கள். கம்பெனிப் பாகம் எதையும் காயலான் கடைக்கு எடைக்குப் போடாதீர்கள், எஃப்.சி.க்கும் விற்பனைக்கும் அது வேண்டும். பெயிண்ட் வேலை இருப்பவர்கள் மார்கழியிலேயே பெயிண்டரிடம் தேதி வாங்கிவிடுங்கள். தை பிறந்ததும் கல்யாணக் கார்கள் வரிசை கட்டும், அப்புறம் உங்கள் டேங்க் மாசி வரைக்கும் அவர் கடை ஆணியில்தான் தொங்கும்.