கான்ட்ராஸ்ட்: மாறுபாடா, முரணா, எடுப்பா?

அம்பாசமுத்திரத்தில் மதினி வீட்டுக்குப் புதுசாக 43 அங்குல டிவி வந்திருந்தது. சுவரில் மாட்ட வந்த பையன் படம் ஓடுகிறதா என்று மட்டும் பார்த்துவிட்டுக் கிளம்பிவிட்டான். நான் போய்ச் சேர்ந்தபோது ஆச்சி முன்னறையில் உட்கார்ந்து சீரியல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏய்யா, இதுல வாற ஆளுக எல்லாருக்கும் மூஞ்சியில சுண்ணாம்பு அடிச்ச மாதிரி இருக்கே?"

ரிமோட்டை வாங்கி பிக்சர் செட்டிங்கைத் திறந்தேன். மோடு விவிட். கான்ட்ராஸ்ட் 100.

"கான்ட்ராஸ்ட் கூடிப்போச்சு ஆச்சி."

"காண்ட்ராக்டா? அத யாருக்கு விட்டிருக்கு?"

சிரித்துவிட்டேன். ஆனால் "சரி, தமிழ்ல சொல்லு" என்று அவள் கேட்டதும் வார்த்தை வரவில்லை. மெனுவைத் தமிழுக்கு மாற்றிப் பார்த்தால் 'மாறுபாடு' என்று இருந்தது. "டிவிக்கும் நமக்கும் என்ன மாறுபாடு? நேத்துத்தான வந்துச்சு" என்றாள் மதினி அடுப்படியிலிருந்து.

லத்தீனில் 'கான்ட்ரா' என்றால் எதிராக, 'ஸ்டாரே' என்றால் நிற்றல். இரண்டும் சேர்ந்து இத்தாலியில் 'கான்ட்ராஸ்டாரே' ஆனது. எதிர்த்து நிற்றல், மல்லுக்கு நிற்றல் என்று பொருள். அங்கிருந்து பிரெஞ்சுக்குப் போய், 17ஆம் நூற்றாண்டில் ஓவியக்காரர்களின் சொல்லாக ஆங்கிலத்துக்குள் நுழைந்தது. ஒரு நிறத்துக்குப் பக்கத்தில் அதற்கு எதிரான நிறத்தை நிறுத்தினால் இரண்டும் துலங்கும் என்பதைச் சொல்ல அவர்களுக்கு ஒரு சொல் தேவைப்பட்டது. புகைப்படமும் டிவியும் அதை அவர்களிடமிருந்து வாங்கிக்கொண்டன. அந்த 'ஸ்டாரே' நமக்கு முற்றிலும் அந்நியமும் இல்லை. ஸ்தானம், ஸ்தாபனம் என்கிறோமே, அந்த வடமொழி 'ஸ்தா'வும் இதுவும் ஒரே வேரில் வந்தவை.

டிவியைப் பொறுத்தவரை கான்ட்ராஸ்ட் என்ற ஒரே சொல்லுக்கு இரண்டு வேலை. குழப்பமே அங்கேதான் ஆரம்பிக்கிறது.

முதலாவது, திரையின் குணம். அந்தத் திரை காட்டக்கூடிய மிக வெளுத்த வெள்ளைக்கும் மிகக் கறுத்த கறுப்புக்கும் உள்ள விகிதம். நிட் என்பது திரை வெளிச்சத்தை அளக்கிற அலகு. வெள்ளை 300 நிட், கறுப்பு 0.3 நிட் என்றால் 1000-க்கு 1. நாம் எல்.இ.டி டிவி என்று சொல்வதில் பெரும்பாலானவை உண்மையில் எல்.சி.டி திரைதான். எல்.இ.டி என்பது அதன் பின்னால் எரிகிற விளக்கு. திரையின் திரவப் படிகம் அந்த வெளிச்சத்தை முழுசாக அடைக்காது, கொஞ்சம் கசியும். அதனால் கறுப்பு என்பது அடர்ந்த சாம்பலாகத்தான் இருக்கும். எல்.சி.டி-யிலேயே ஐ.பி.எஸ், வி.ஏ என்று இரண்டு வகை உண்டு. ஐ.பி.எஸ் வகையில் சுமார் 1000-க்கு 1, வி.ஏ வகையில் 3000-க்கு 1, அதற்கு மேலும் வரும். ஓ.எல்.இ.டி என்கிற பின்விளக்கே இல்லாத திரையில் ஒவ்வொரு புள்ளியும் தானே எரிந்து தானே அணைவதால் கறுப்பு நிஜமாகவே கறுப்பு. அட்டைப்பெட்டியில் லட்சக்கணக்கில் போட்டிருக்கும் 'டைனமிக்' கணக்கை நான் பார்ப்பதே இல்லை. ஒரு நேரம் விளக்கைக் கூட்டி அளந்த வெள்ளையையும், இன்னொரு நேரம் விளக்கைக் குறைத்து அளந்த கறுப்பையும் வைத்துப் போடுகிற கணக்கு அது.

இரண்டாவது, மெனுவில் இருக்கும் 0 முதல் 100 வரையான அளவு. இது திரையின் குணத்தை மாற்றாது. வெள்ளைப் பகுதியை எவ்வளவு தூக்கிக் காட்ட வேண்டும் என்பதை மட்டும் சொல்கிறது. பக்கத்திலேயே இருக்கும் பிரைட்னஸ் அதைவிட ஏமாற்றுக்காரச் சொல். வெளிச்சம் என்று நினைத்துக் கூட்டுவோம், ஆனால் அது தொடுவது இருட்டை. படத்தில் கறுப்பு எங்கே தொடங்குகிறது என்பதைத்தான் நகர்த்தும். நிஜமான வெளிச்சம் பேக்லைட்டில், அதாவது பின்னால் எரிகிற அந்த விளக்கில் இருக்கிறது. போதாக்குறைக்கு, சில புது டிவிகளில் பிரைட்னஸ் என்பதே பேக்லைட்டைக் குறிக்கும், கறுப்புக்கு பிளாக் லெவல் என்று தனியாக வைத்திருப்பார்கள்.

இந்தக் குழப்பம் பழைய டிவியிலிருந்தே வந்தது. டயனோரா, சாலிடேர் காலத்துக் கறுப்பு வெள்ளைப் பெட்டிகளில் திருகுகிற குமிழ்கள் இருந்தன. பிரைட்னஸுக்குச் சூரியன் குறி, கான்ட்ராஸ்டுக்குப் பாதி கறுப்பு பாதி வெள்ளையாக ஒரு வட்டம். அசல் அஷ்டமி நிலா. தெக்கத்திக் கரையோரம் உயரமான கம்பத்தில் ஆன்டெனாவைக் கட்டி இலங்கை ரூபவாகினியைப் பிடித்த வீடுகளில், புள்ளி புள்ளியாக வருகிற படத்தை ஆளாக்குவதற்கு முதலில் கை போவது அந்த அஷ்டமி நிலாவுக்குத்தான். பேர் தெரியாது, வேலை தெரியும்.

அப்புறம், தமிழில் என்ன சொல்வது?

'மாறுபாடு' எனக்கு ஒப்பவில்லை. கருத்து மாறுபாடு, விலை மாறுபாடு என்று எதற்கும் போடலாம். இரண்டு எதிரெதிரானவை பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன, அதனால் துலங்குகின்றன என்கிற செய்தி அதில் இல்லை.

'முரண்' நல்ல சொல், பழைய சொல். தொல்காப்பியம் மோனை, எதுகையோடு முரணையும் ஒரு தொடையாகவே எண்ணுகிறது. சொல்லிலோ பொருளிலோ எதிரானவற்றைத் தொடுத்து அழகு செய்வது முரண்தொடை. ஓவியக்காரன் நிறத்தில் செய்ததைப் புலவன் சொல்லில் செய்திருக்கிறான். பொருள் அப்படியே கச்சிதம். திரையின் குணத்துக்கு 'முரண் விகிதம்' என்று எழுதினால் நான் மறுப்புச் சொல்லமாட்டேன். ஆனால் வீட்டில் உட்கார்ந்து "முரணைக் கொஞ்சம் குறை" என்று சொல்லிப் பாருங்கள். முரண்டு பிடிக்கிற பிள்ளைதான் ஞாபகத்துக்கு வரும்.

எனக்கு விடை கிடைத்த இடம் டிவிக் கடை இல்லை, சேலைக் கடை. திருநெல்வேலி டவுனில் ரதவீதிக் கடை ஒன்றில் மாம்பழக் கலர் சேலையை விரித்துப் போட்டுக் கடைக்காரர் சொல்கிறார்: "அரக்குக் கரை அக்கா, நல்ல கான்ட்ராஸ்ட்." வாங்க வந்தவர் கரையைக் கையில் பிடித்து வெளிச்சத்தில் காட்டிவிட்டுச் சொல்கிறார்: "ஆமா, எடுப்பாத்தான் இருக்கு." ஒரே பொருள், இரண்டு சொல். விற்கிறவர் வாயில் இரவல் சொல், வாங்குகிறவர் வாயில் சொந்தச் சொல்.

எடு என்றால் கையில் எடுப்பது மட்டும் இல்லை. உயர்த்துவது, மேலே வருவது என்றும் பொருள். குரலெடுத்துப் பாடுகிறோம், பேர் எடுக்கிறோம், தலையெடுக்கிறோம். எடுப்பான மூக்கு என்றால் முகத்தில் தனித்துத் தெரிகிற மூக்கு. லத்தீன்காரன் எதிர்த்து நிற்கிறது என்றான், நாம் எடுத்து நிற்கிறது என்கிறோம். எனக்கு நம்முடையதுதான் ஒரு படி மேலாகப் படுகிறது, ஏனென்றால் மெனுவில் உள்ள அந்த அளவு செய்கிற வேலையும் வெள்ளையைத் தூக்கி எடுப்பதுதான்.

எடுப்புக்கு வேறு பொருள்கள் இல்லாமல் இல்லை. தூக்குவாளியில் போகிற எடுப்புச் சாப்பாடு உண்டு. கச்சேரியில், தாளத்தில் பாட்டு தொடங்குகிற இடத்துக்கும் எடுப்பு என்றுதான் பேர். டிவி ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு சொல்லும்போது யாரும் தூக்குவாளியைத் தேடப் போவதில்லை.

இந்தச் சொல்லில் இன்னொரு வசதி, மிகுந்தால் என்ன ஆகும் என்பதும் பேச்சிலேயே இருக்கிறது. எடுப்பு குறைந்தால் வெளிறிப்போச்சு, சப்பென்று இருக்கு. கூடினால் கண்ணைக் குத்துது. டிவிக் கடையில் குத்துகிற அளவுக்குத்தான் வைத்திருப்பார்கள். தலைக்கு மேலே வரிசையாக விளக்கு எரிகிற இடத்தில், பத்து டிவிக்கு நடுவில் ஒன்று கண்ணில் பட வேண்டுமே. விவிட் என்பது அதற்கான மோடு. வெள்ளையில் கொஞ்சம் நீலத்தையும் கலந்துவிடும்.

அன்றைக்கு ராத்திரி சாப்பாடு முடிந்ததும் திரைக்கு எதிரே இருந்த டியூப்லைட்டை அணைக்கச் சொன்னேன். எந்த செட்டிங்கையும் தொடுவதற்கு முன்னால், காசு செலவில்லாமல் கறுப்பைக் கறுப்பாக்குகிற வழி அது ஒன்றுதான். மோடை சினிமாவுக்கு மாற்றினேன். பிறகு வேட்டி கட்டினவர்கள் வரிசையாக நிற்கிற ஒரு கல்யாணக் காட்சியில் படத்தை நிறுத்தினேன்.

கான்ட்ராஸ்ட் 100-ல் வேட்டி வெறும் வெள்ளைத் தாள். மடிப்பு இல்லை, கசங்கல் இல்லை. ஒவ்வொன்றாகக் குறைத்துக்கொண்டு வந்தேன். 90 வரைக்கும் ஒன்றுமில்லை. 86-ல் முழங்காலுக்குப் பக்கத்தில் ஒரு நிழல் கோடு. 83-ல் இஸ்திரி போட்ட மடிப்பு மேலிருந்து கீழ்வரை தெரிந்தது. அங்கே நிறுத்திக்கொண்டேன். அடுத்தது பிரைட்னஸ். அதற்கு வேட்டி உதவாது, கூந்தல் வேண்டும். பொண்ணின் பின்னல் ஒரே கறுப்புக் கயிறாகத் தெரிந்தால் குறைவு. கூந்தலும் படத்துக்கு மேலும் கீழும் உள்ள கறுப்புப் பட்டையும் சாம்பல் பூத்தால் அதிகம். பின்னலின் இழை தெரிய வேண்டும், பட்டை கறுப்பாக இருக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவில் ஒரு இடம் இருக்கும். ஷார்ப்னஸையும் இறக்கிவிட்டேன். அது ஓரங்களில் கோடு கிழிக்கிற வேலைதான்.

முதலில் படம் மஞ்சளடித்த மாதிரி இருப்பதாக மதினி சொன்னாள். அது நீலத்துக்குப் பழகின கண். வெள்ளை எவ்வளவு நீலம், எவ்வளவு மஞ்சள் என்பதற்கு 6500 கெல்வின் என்று ஒரு பொது அளவு உண்டு, வெள்ளையை அதை ஒட்டி வைத்தால் முதல் இரண்டு நாள் அப்படித்தான் இருக்கும் என்றேன். ஆச்சி ஒன்றும் சொல்லவில்லை. பொண்ணின் சேலைக் கரையில் என்ன வேலைப்பாடு என்று பார்ப்பதற்காக நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

நான்கு நாள் கழித்து மதினி போன் போட்டாள். செட்டாப் பாக்ஸில் பார்த்தால் நன்றாக இருக்கிறதாம், பென்டிரைவில் படம் போட்டால் பழையபடி சுண்ணாம்பாம். பல டிவிகளில் ஒவ்வொரு இணைப்புக்கும் செட்டிங் தனித்தனி, அதைச் சொல்லாமல் வந்தது என் தப்பு. மெனுவைத் திறந்து என்ன இருக்கிறது என்று பார்க்கச் சொன்னேன்.

"தம்பி, இதுல எடுப்பு 100-லயே நிக்கு. வேட்டி தெரியுற வரைக்கும் இறக்கணும், அம்புட்டுத்தான?"