கேங்வே என்கிற சாய்பாலம்

மிதக்கும் படகுத்துறையையும் கரையையும் சேர்க்கிற பாலத்துக்குத் துறைமுகத்தில் வழங்கும் பெயர் கேங்வே. கேட்டதும் ரவுடி கும்பல் ஞாபகம் வந்தால் தப்பில்லை, இரண்டும் உறவுக்காரச் சொற்கள்தான். பழைய ஆங்கிலத்தில் 'கேங்' என்றால் போக்கு, நடை. சேர்ந்து திரிகிற கூட்டத்துக்கு அந்தப் பெயர் பின்னால்தான் ஒட்டியது. 'வே' என்பது வழி. ஆக, கேங்வே வெறும் நடைவழி. பிரிட்டனில் அரங்க இருக்கைகளுக்கு நடுவே விடும் வழிக்கும் இதே பெயர்.

ஆனால் மிதக்கும் துறையில் அதற்கு நடக்கவிடுவதைத் தாண்டியும் ஒரு வேலை உண்டு. 2023இல் தொடங்கிய கொச்சி வாட்டர் மெட்ரோ படகுச் சேவையைப் பாருங்கள். படகு நிற்கும் பாண்டூன், அதாவது மிதக்கும் மேடை, படகோடு சேர்ந்தே ஏறி இறங்குகிறது, அதனால் சக்கர நாற்காலியும் சிரமமில்லாமல் உள்ளே போகும். கரையோ அசையாது. இந்த வித்தியாசத்தை நடுவில் இருக்கும் பாலம்தான் தாங்கியாக வேண்டும்.

இப்படிப்பட்ட பாலத்தைக் கரைப் பக்கம் கீல் போட்டு மாட்டுவார்கள். மறுமுனையைப் பாண்டூனில் இறுக்குவதில்லை, சக்கரத்தில் விட்டுவிடுவார்கள். 20 மீட்டர் பாலம் மட்டமாக இருந்து, தண்ணீர் 3 மீட்டர் இறங்கினால் அதன் சக்கர முனை கரையை நோக்கி ஏறக்குறைய 23 சென்டிமீட்டர் நகரும். இரண்டு பக்கமும் போல்ட் போட்டு முடுக்கினால் ஏதாவது ஒன்று பிய்த்துக்கொள்ளும். சக்கரம் உருளும் இரும்புத் தகட்டைக் குனிந்து பாருங்கள்: சுற்றிலும் துரு, நடுவில் மட்டும் தேய்ந்து பளபளக்கும் ஒரு கோடு. ஓதம், அதாவது கடல்நீர் மட்டம், எவ்வளவு ஏறி இறங்குகிறது என்பதை அந்தக் கோட்டின் நீளமே சொல்லிவிடும்.

கொச்சியில் ஓதத்தின் ஏற்ற இறக்கம் சுமார் 1 மீட்டர்தான். லிவர்பூலின் மெர்சி ஆற்றில் 10 மீட்டர் வரை போகும். அங்கே 1847இலேயே மிதக்கும் இறங்குதுறை போட்டுவிட்டார்கள்.

சரி, தமிழில் என்ன சொல்வது? பாண்டூனுக்கு மிதவை போதும். புறநானூறு காலத்துப் புணையும் உண்டு. கட்டிச் சேர்த்தது என்ற பொருள் அதற்குள்ளேயே இருக்கிறது, கட்டுமரம் மாதிரி. கேங்வேக்குத்தான் திண்டாட்டம். 'நடைபாலம்' என்றால் ரயில் தண்டவாளத்தைக் கடப்பது நினைவுக்கு வருகிறது. 'இணைப்புப் பாலம்' எதற்கும் பொருந்தும், அதுதான் அதன் குறை. கப்பலுக்குப் போடும் பலகையை ஏறுபலகை எனலாம். மிதவைக்குப் போகிறதைச் சாய்பாலம் என்பேன். சாய்தளம், சாய்நாற்காலி என்று பழகிய வாய்க்கு இது உறுத்தாது.

"ஓதம் வடிஞ்சிருக்கு, சாய்பாலத்துல பார்த்து இறங்குங்க."