பழைய கொமடோருக்குப் புதிய பவர் சப்ளை

சுங்கை சிப்புட் பக்கம் உங்கள் வீட்டு மேல் அலமாரியில் ஒரு கொமடோர் 64 கிடந்தால், தூசி தட்டிய கையோடு பிளக்கைச் செருகிவிடாதீர்கள். 1982-இல் வந்த அந்தக் கணினி இன்றும் நல்ல நிலையில் இருக்கலாம். அதற்கு எமனாக இருப்பது கூடவே வந்த, செங்கல் மாதிரி கனக்கும் பவர் சப்ளை பெட்டிதான்.

அந்தப் பெட்டி 5 வோல்ட்டு டிசி, 9 வோல்ட்டு ஏசி என இரண்டு வகை மின்சாரம் தருகிறது. 5 வோல்ட்டுப் பக்கத்தில் டிரான்ஸ்பார்மர் இறக்கிய மின்சாரத்தை டயோடுகள் டிசியாக்கும். அப்புறம் ரெகுலேட்டர் வந்ததில் 5-ஐ மட்டும் வெளியே விட்டு, மிச்சத்தைச் சூடாக்கிக் கழித்துவிடும். உள்ளே 10 வோல்ட்டு வந்து, கணினி 1.5 ஆம்பியர் இழுத்தால், 7.5 வாட் வெறும் சூடு. இதில் பெட்டிக்குள் பிசின் ஊற்றி வேறு இறுக்கியிருக்கிறார்கள். சூடு சுலபத்தில் வெளியேறாது. திறந்து பழுதுபார்க்கவும் முடியாது.

வருடக்கணக்கில் வெந்த ரெகுலேட்டர் சாகும்போது, பல நேரம் வழியை அடைத்துக்கொண்டு சாவதில்லை, திறந்துவிட்டுச் சாகிறது. 5 வோல்ட்டு 6 ஆகும், 7-ஐயும் தாண்டும். உள்ளே இருக்கும் சில்லுகளுக்கு உகந்தது 4.75 முதல் 5.25 வரைதான். பெரும்பாலும் ரேம் சில்லுகள்தான் முதலில் போகும்.

ஆகவே புதிதாகச் செய்யும்போது பழைய முறையைப் பின்பற்ற வேண்டாம். 3 ஆம்பியர் தரும், மூடிய ஸ்விட்சிங் மாட்யூல் ஒன்று போதும். அது மிச்சத்தை எரிப்பதில்லை. நொடிக்குப் பல்லாயிரம் தடவை மின்சாரத்தை வெட்டி வெட்டி விடுவதால் சூடு குறைவு. அதன் வெளியீட்டில் ஒரு பியூஸ், அதையடுத்து, குறித்த வோல்ட்டேஜைத் தாண்டினால் மின்சாரத்தை விடும் ஒரு செனர் டயோடும், தட்டிவிட்டால் மின்சாரத்தை ஓடவிடும் சுவிட்சான எஸ்சிஆரும். வோல்ட்டேஜ் 6.3 பக்கம் ஏறினால் செனர் எஸ்சிஆரைத் தட்டிவிடும், எஸ்சிஆர் வெளியீட்டை கிரவுண்டோடு ஷார்ட் செய்யும், பியூஸ் போய்விடும். சில காசு பியூஸ் போவது நல்லது, சில்லு தப்பும்.

9 வோல்ட்டு பக்கத்தையும் டிசியாக்கிவிடலாமே என்று தோன்றும். கூடாது. கணினி அந்த ஏசியை உள்ளே உயர்த்தித்தான், பழைய போர்டுகளில் ஒலிச் சில்லுக்கும் படச் சில்லுக்கும் வேண்டிய 12 வோல்ட்டை எடுக்கிறது. கீபோர்டு போன்றவற்றைக் கவனிக்கும் சிஐஏ சில்லில் இருக்கும் கடிகாரமோ, மின்சார நிறுவனமான தெனாகா நேஷனல் அனுப்பும் 50 ஹெர்ட்ஸ் துடிப்பை எண்ணித்தான் நேரம் பார்க்கிறது. அதனால் இங்கே சாதாரண 230-க்கு 9 வோல்ட்டு, 1 ஆம்பியர் டிரான்ஸ்பார்மர்தான் சரி. இதற்குத் தனி பியூஸ்.

சாயங்கால மழையோடு இடி இறங்கும் ஊர் இது. 230 வோல்ட்டு நுழையும் இடத்தில் பியூஸுக்கு அடுத்து, லைவுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே திடீரென ஏறும் வோல்ட்டேஜை உறிஞ்சும் 275 வோல்ட்டு வேரிஸ்டர் ஒன்று போடுங்கள். மூன்று பின் பிளக்கில் 13-க்குப் பதிலாக 3 ஆம்பியர் பியூஸ். உலோகப் பெட்டி என்றால் எர்த் கட்டாயம். இந்தப் பக்கம் பழக்கமில்லை என்றால் வயர்மேனிடம் விட்டுவிடுங்கள்.

முடிந்ததும் கணினியைச் செருகாமல், 5 வோல்ட்டில் 3.3 ஓம், 10 வாட் செராமிக் ரெசிஸ்டரை மாட்டுங்கள். சுமார் 1.5 ஆம்பியர் ஓடும்; கை வைத்தால் சுட்டுவிடும். மீட்டரில் ஒரு மணி நேரம் 4.9-க்கும் 5.1-க்கும் நடுவே நின்றால், அப்புறம் கணினியை மாட்டலாம்.