குழலில் எழுதியிருப்பதை ஒருமுறை படியுங்கள்

இந்த வருடத்தில் இது மூன்றாவது. போன சனிக்கிழமை ஒருவர் பழைய துண்டில் சுற்றிய ரிவால்வரை என் பட்டறை மேசையில் வைத்தார். கோல்ட் கம்பெனியின் 1860 ஆர்மி மாடலின் இத்தாலிய நகல், வாங்கி நாலு மாதம்கூட ஆகவில்லை. சிலிண்டரின் மேல் அறையும் அதற்குப் பக்கத்து அறையும் பிளந்து வாய் திறந்திருந்தன. அவர் வலது கையில் பெரிய கட்டு. பாதுகாப்புக் கண்ணாடி போட்டிருந்ததால் கண் தப்பியது. சரிபண்ண முடியுமா என்று கேட்டார். உள்ளே என்ன வெடிமருந்து போட்டீர்கள் என்று நான் திருப்பிக் கேட்டேன். மைத்துனர் ஷாட்கன் தோட்டாவுக்காக வாங்கி வைத்திருந்த புகையில்லா மருந்தாம், இதற்குரிய பழைய காலத்துக் கருமருந்துக்கான அதே அளவுக்குழாயில் அதே அளவு.

நான் டெக்சஸில் துப்பாக்கி பழுதுபார்ப்பவன். சனி ஞாயிறில் ஒரு சுடுதளத்தில் பாதுகாப்பைப் பார்த்துக்கொள்கிறேன். கௌபாய் படம் பார்த்துவிட்டு இந்த ரிவால்வர்களைத் தேடி வருகிறவர்களை எனக்குப் பிடிக்கும். அந்த ஆசையில்தான் நானும் இந்தத் தொழிலுக்கு வந்தேன். ஆனால் வருகிறவர்களில் பாதிப் பேர் இது ஏதோ தீபாவளிக் கேப் துப்பாக்கிக்கு அண்ணன் என்று நினைத்துக்கொண்டு வருகிறார்கள். அதற்குச் சட்டமும் ஒரு காரணம். தோட்டா போடாமல் கருமருந்தும் ஈய உருண்டையும் இட்டுச் சுடும் இந்த நகல்களை, 1968ஆம் ஆண்டின் அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் ‘துப்பாக்கி’ என்ற வரையறையில் சேர்ப்பதில்லை. பல மாநிலங்களில் தபாலிலேயே வீட்டுக்கு வந்துவிடும். சட்டத்தில் துப்பாக்கி இல்லை என்பதற்காக, உள்ளே இருக்கும் உருண்டை ஆளைக் கொல்லாமல் விடுமா? அமெரிக்க உள்நாட்டுப் போரில் இரு தரப்புக் குதிரைப்படையும் வைத்திருந்தது இதைத்தான். அதோடு நியூ ஜெர்சி போன்ற மாநிலங்களில் மாநிலச் சட்டப்படி இது முழுத் துப்பாக்கியே, அனுமதி வேண்டும். ஊர் மாறுகிறவர்கள் முதலில் அதைப் பாருங்கள்.

சரி, மருந்து விஷயத்துக்கு வருகிறேன். “அந்தக் காலத்து இரும்பு பலவீனம், அதனால் கருமருந்து, இது புது எஃகு, எதையும் தாங்கும்” என்று என்னிடம் சொல்லாதவர்களே இல்லை. தவறு. எஃகு புதிது என்பது உண்மை, ஆனால் துப்பாக்கியின் அளவும் அமைப்பும் 1860தான். கருமருந்து என்பது வெடியுப்பு, கரி, கந்தகம் மூன்றும் கலந்தது. எரிந்த பிறகு அதன் எடையில் பாதிக்கு மேல் வாயுவாகவே மாறாது, கரியும் உப்புமாக நின்றுவிடும். நீங்கள் பார்க்கிற அந்த வெள்ளைப் புகையும், சுட்டு முடித்ததும் கையில் ஒட்டும் கசடும் அதுதான். புகையில்லா மருந்து கிட்டத்தட்ட முழுவதும் வாயுவாகிறது. அதற்கும் மேலாக, அடைபட்ட இடத்தில் அழுத்தம் ஏற ஏற அது இன்னும் வேகமாக எரிகிறது, வேகமாக எரிவதால் அழுத்தம் இன்னும் ஏறுகிறது. கருமருந்தை அறை கொள்ளுமளவு போட்டாலும் எஃகுச் சட்டகம் (ஃபிரேம்) கொண்ட பெரும்பாலான நகல்கள் தாங்கிக்கொள்ளும், இடமே அளவுக்கு மேல் போடவிடாது. அந்த நிம்மதி புகையில்லா மருந்தில் இல்லை. கொஞ்சமாகப் போட்டால் என்ன என்று கேட்காதீர்கள். இந்த ரிவால்வருக்குச் சரியான கொஞ்சம் என்று ஒன்று கிடையாது. குழலின் பக்கவாட்டில் ‘கருமருந்து மட்டும்’ என்று ஆங்கிலத்தில் பொறித்தே அனுப்புகிறார்கள். இத்தாலியில் கார்டோனே வால் ட்ரோம்பியா என்ற ஊரில் அரசுச் சோதனைக் கூடம் குத்தும் ‘பிஎன்’ முத்திரைக்கும் கருமருந்து என்றுதான் அர்த்தம். ஒரே துப்பாக்கியில் இரண்டு இடத்தில் சொல்லியும் படிக்காமல் சுட்டால் நான் என்னதான் செய்வது?

கசடு பிடிக்காதவர்களுக்குப் பைரோடெக்ஸ் மாதிரி மாற்று மருந்துகள் இருக்கின்றன. இந்தத் துப்பாக்கிகளுக்காகவே செய்தவை. அவற்றையும் தயாரிப்பாளர் சொன்ன அளவில் போடுங்கள். கழுவச் சோம்பல் என்றால் இந்தப் பொழுதுபோக்கு உங்களுக்கானது அல்ல. அன்றைக்கே சோப்புப் போட்ட வெந்நீரில் கழுவி, துடைத்து, எண்ணெய் பூசாவிட்டால் அந்த உப்பு ஈரத்தை இழுத்துத் துருவாக்கிவிடும்.

சேகரிப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பளபளவென்று மஞ்சளாக இருக்கும் பித்தளைச் சட்டக ‘1851 நேவி .44’ஐ அசலின் அச்சு என்று நம்பி வாங்காதீர்கள். கோல்ட் செய்த 1851 நேவி .36 மட்டுமே (இந்த எண் சுமாராகக் குழலின் உள்விட்டம், அங்குலக் கணக்கில்). பித்தளைச் சட்டகம் போட்டது உள்நாட்டுப் போரில் தெற்குப் படைக்காக வேலை செய்த பட்டறைகள். ஜார்ஜியாவில் கிரிஸ்வோல்டின் ஆலை இரும்புத் தட்டுப்பாட்டில் அப்படிச் செய்தது, அதுவும் .36தான். 1864 நவம்பரில் வடக்குத் தளபதி ஷெர்மனின் படை அந்த ஆலையைக் கொளுத்திவிட்டது. பித்தளையில் .44 என்பது இன்றைய கடைச்சரக்கு. சுவரில் மாட்ட அழகு, சுடவும் செய்யலாம். ஆனால் முழு அளவு மருந்து போட்டுக்கொண்டே போனால் சட்டகம் மெல்ல நீண்டு சிலிண்டர் ஆட்டம் காணும். நான் 20 கிரெயினை (மருந்தை அளக்கும் சிறிய அலகு) தாண்டவிட மாட்டேன். மிச்ச இடத்துக்கு மருந்தின் மேல் கொஞ்சம் ரவை போட்டு உருண்டையை அழுத்துங்கள். சமையல் ரவையேதான், இங்கே பலரும் அப்படித்தான் செய்கிறார்கள்.

ஒரு அறை சுடும்போது பக்கத்து அறைகளும் பற்றிக்கொள்வதைப் படத்தில் காட்ட மாட்டார்கள், தளத்தில் நான் பார்த்திருக்கிறேன். உருண்டை அறையைவிட ஒரு நூல் பெரிதாக இருக்க வேண்டும், அழுத்தும்போது மெல்லிய ஈய வளையம் சீவி வெளியே வர வேண்டும். வரவில்லையா, அந்த உருண்டை வேண்டாம். உருண்டைக்கும் மருந்துக்கும் நடுவே காற்றிடம் விடாதீர்கள். கேப் (அடித்தால் பொறி தரும் சின்ன மூடி) நிப்பிளில் (ஒவ்வொரு அறைக்கும் பின்னால் அது உட்காரும் முனை) இறுகப் பொருந்தட்டும், தளர்ந்த கேப்பைக் கிள்ளிப் போட்டுச் சமாளிக்காதீர்கள். மருந்துக் குடுவையிலிருந்து நேராக அறைக்குள் ஊற்றாதீர்கள், உள்ளே ஒரு பொறி மிச்சமிருந்தால் வெடிப்பது கையிலிருக்கும் குடுவை. அளவுக்குழாயில் எடுத்து ஊற்றுங்கள். சுடாமல் ‘டிக்’ என்று நின்றால் குழலை இலக்கை விட்டுத் திருப்பாமல் ஒரு நிமிடமாவது காத்திருங்கள். ஆறு அறையையும் நிரப்பிக்கொண்டு இடுப்பில் செருகி நடப்பது படத்தோடு போகட்டும், எங்கள் தளத்தில் ஐந்துதான், கேப்பை அடிக்கும் ஹாமர் காலி அறைமேல். அப்புறம், ஈயம் தொட்ட கையைக் கழுவாமல் சாண்ட்விச் சாப்பிடுவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது, குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு வருகிறவர்கள்கூட இப்படிச் செய்கிறார்கள். விமானத்தில் போகிறவர்கள் கருமருந்தையோ கேப்பையோ எந்தப் பையிலும் வைக்கக்கூடாது, சரக்கில் போடும் பெட்டியிலும்தான்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். தாத்தா விட்டுப்போனது, பழைய சாமான் கடையில் கிடைத்தது என்று வீட்டில் ஒன்று மாட்டியிருப்பீர்கள். கருமருந்து ஈரம் படாமல் இருந்தால் எத்தனையோ வருடம் கழித்தும் வெடிக்கும். போன வருடம் குழந்தைகள் அறைச் சுவரிலிருந்து இறக்கிக்கொண்டு வந்த ஒன்றில் நாலு அறையில் மருந்தும் உருண்டையும் அப்படியே இருந்தன. முன்பக்கம் எட்டிப் பார்க்காதீர்கள், ஹாமரை இழுத்துப் பார்க்காதீர்கள். கேப் இருந்தால், யார் பக்கமும் குழல் திரும்பாமல் பிடித்து அதை மட்டும் கழற்றிவிட்டு, உங்கள் ஊரில் துப்பாக்கி பழுதுபார்ப்பவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டுக் கொண்டுபோங்கள். உருண்டையைத் தோண்டி எடுக்கும் வேலையெல்லாம் நீங்கள் செய்யவே வேண்டாம். என்னிடம் வந்தால் ஐந்து நிமிடத்தில் பார்த்துச் சொல்லிவிடுவேன், இதற்கு நான் காசு வாங்குவதில்லை.