நாற்காலி உறைகூடப் பிரிக்கவில்லை

போன மாதம் மலேசியாவின் கெடா மாநிலத்தில், பீடோங் பக்கம் ஒரு கல்லூரியில் அழைத்தார்கள். "இ-ஸ்போர்ட்ஸ் பிரிவு தொடங்கிவிட்டோம், வந்து பாருங்கள்." கணினியிலும் கைப்பேசியிலும் போட்டியாக ஆடும் ஆட்டங்கள்தான் இ-ஸ்போர்ட்ஸ். போனேன். அறை பூட்டியிருந்தது, சாவிக்காரர் சாப்பிடப் போயிருந்தார். கண்ணாடி வழியே எட்டிப் பார்த்தேன். பத்துக் கணினிகள், பத்துச் சுழல் நாற்காலிகள். நாற்காலிகளின் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கப்படவில்லை. வெளியே மாடிப்படியில் ஒற்றை பிளக்கைச் சுற்றி ஐந்து பையன்கள் கைப்பேசியில் மொபைல் லெஜன்ட்ஸ் ஆடிக்கொண்டிருந்தார்கள். ஒருவனுடைய திரையில் குறுக்காக விரிசல். அதன்மேல் படாமல் கட்டைவிரலை மடக்கியே ஆடப் பழகியிருந்தான்.

"உள்ளே போய் ஆடலாமே, தம்பி?"

"அது யாராவது வந்தால் காட்டுவதற்கு, சார்."

கல்லூரி விளையாட்டுப் பிரிவில் வேலை பார்க்கும் எனக்கு இது நான்காவது பூட்டிய அறை. இனியும் மென்மையாகச் சொல்ல முடியவில்லை. கணினி வாங்கினால் இ-ஸ்போர்ட்ஸ் வந்துவிடும் என்று யார் சொன்னது? கோல் கம்பம் நட்டால் கால்பந்துக் குழு முளைத்துவிடுமா? 2014இல் சிகாகோவின் ராபர்ட் மோரிஸ் பல்கலைக்கழகம் லீக் ஆஃப் லெஜன்ட்ஸ் ஆட்டக்காரர்களுக்கு உதவித்தொகை அறிவித்தது. அது கணினியில் ஆடும் ஆட்டம். அவர்களுக்குக் கணினி அறை தேவைப்பட்டது. நாம் படத்தைப் பார்த்து அறையை மட்டும் நகலெடுக்கிறோம். செம்பனைத் தோட்டத்திலிருந்து வரும் பிள்ளைக்குச் சொந்தமாக இருப்பது கைப்பேசி. அவன் ஆடுவதும் அதில்தான். அது ஒன்றும் மட்டமான ஆட்டமில்லை. 2019இல் பிலிப்பைன்ஸில் நடந்த சீ (தென்கிழக்காசிய) விளையாட்டுப் போட்டியில் பதக்கத்துக்கு ஆடப்பட்டவற்றில் மொபைல் லெஜன்ட்ஸும் ஒன்று.

ஆகவே, கொட்டேஷன் கேட்பதற்கு முன்னால் மாணவர்களைக் கேளுங்கள்: எதை ஆடுகிறாய், எதில் ஆடுகிறாய், எத்தனை மணிக்கு? பிறகு வைஃபைக்குச் செலவிடுங்கள். விடுதி முழுவதும் ஒரே இணைப்பைப் பங்குபோட்டு, திரை மூலையில் இணைப்பின் தாமதத்தைக் காட்டும் பிங் எண் சிவப்பாகிவிட்டால் எந்தச் சூரனும் தோற்பான். பொறுப்புக்கு ஓர் ஆளைப் போடுங்கள். ஆட்டத்தில் கெட்ட வார்த்தை பேசினால் என்ன தண்டனை என்று முதல் நாளே எழுதி ஒட்டுங்கள். பெண் பிள்ளைகள் ஏன் வருவதில்லை என்பதற்குப் பாதிப் பதில் அதில் இருக்கிறது. பரிசுத்தொகை வைத்து, விளம்பரதாரரும் பிடித்துப் போட்டி நடத்துவதாக இருந்தால் ஆட்டத்தை வெளியிட்ட நிறுவனத்தின் விதிகளைப் படித்துவிடுங்கள். பூப்பந்துக்கு முதலாளி கிடையாது, இதற்கு உண்டு.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. ஆடுகிற பிள்ளையெல்லாம் அடிமையல்ல. கட்டுப்பாடு கைவிட்டுப் போய், மற்ற எல்லாவற்றுக்கும் மேலாக ஆட்டமே முந்தி, கெடுதல் தெரிந்தும் தொடர்ந்து, பொதுவாக 12 மாதங்களாவது அப்படியே நீடித்தால்தான் உலகச் சுகாதார நிறுவனம் அதை நோய் என்கிறது. ஆனால் அப்பா விடியற்காலையில் தோட்டத்துப் பெரட்டுக்கு, அதாவது வேலைக்குப் பெயர் கொடுக்க, கிளம்பும் நேரத்தில் மகன் படுக்கப் போகிறான் என்றால், 12 மாதம் காத்திருக்காதீர்கள்.

தம்பிகளே, வலிக்கிற கட்டைவிரலில் தைலம் தடவிக்கொண்டு அடுத்த ஆட்டத்துக்கு உட்காராதீர்கள். கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கி, மணிக்கட்டை மெதுவாகச் சுண்டுவிரல் பக்கம் சாய்த்துப் பாருங்கள். சுளீரென்றால் கிளினிக்குக்குப் போங்கள், போட்டி அடுத்த வாரமாக இருந்தாலும்.

விடுதிக் காப்பாளர்களே, இரவு பன்னிரண்டுக்கு அந்த வைஃபையை அணைத்துவிடுங்கள். திட்டுவார்கள், திட்டட்டும்.