தொண்டு அமைப்புக்கு எதற்கு ‘வணிக முத்திரை’?

போன மாதம் ஒரு கையேடு கைக்கு வந்தது. மாலை நேரத்தில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தரும் ஒரு சின்ன அமைப்பினுடையது. ஏழெட்டுப் பேர், ஒரு வாடகை மாடி, நாற்பது பிள்ளைகள், அவ்வளவுதான் அமைப்பு. ஒரு வடிவமைப்பு நிறுவனம் காசு வாங்காமலே அவர்களுக்கு ஆங்கிலத்தில் கையேடு ஒன்று செய்து கொடுத்திருக்கிறது. எந்த நிறம், எந்த எழுத்துரு, லோகோவைச் சுற்றி எவ்வளவு இடம் விடவேண்டும், முகநூலில் எந்தத் தொனியில் எழுதவேண்டும் என்று எல்லாம் அதில் இருக்கிறது. நல்ல வேலை. அதைத் தமிழாக்கிய புண்ணியவான் அட்டையில் போட்ட தலைப்பு: ‘வணிக முத்திரை வழிகாட்டுதல்கள்’. ‘பிராண்ட்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்கு அவர் பிடித்தது ‘வணிக முத்திரை’.

உள்ளே புரட்டினால் ‘எமது வணிக முத்திரையின் ஆளுமை’, ‘வணிக முத்திரையின் குரல்’, ‘வணிக முத்திரை விழிப்புணர்வு’. அமைப்பின் பொருளாளர், ஓய்வுபெற்ற ஆசிரியை, மூன்றாம் பக்கத்திலேயே நின்றுவிட்டார். “சார், நாம என்ன வியாபாரமா பண்றோம்?” என்று கேட்டார். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல உட்கார்ந்ததுதான் இது.

‘பிராண்ட்’ என்பதன் வேர் நெருப்பு. பழைய ஆங்கிலத்தில் அது எரியும் கட்டையைக் குறித்தது. அப்புறம் காய்ச்சிய இரும்பால் மாட்டின் தோலிலும் மரப்பீப்பாயிலும் வைத்த சூட்டுக்குறிக்குப் பெயரானது. 19ஆம் நூற்றாண்டில் சரக்கின் பெயருக்கும் தரத்துக்கும் தாவியது. நம் ஊர் பிராந்தியும் இதற்குப் பங்காளிதான்: டச்சு மொழியில் ‘எரித்த மது’ என்று வழங்கிய சொல்லின் மிச்சம் அது. வேர் பற்றி இவ்வளவு போதும்.

நம் பக்கம் வந்தால், மாட்டுக்குச் சூடு போட்டுக் குறிவைப்பது நமக்கும் பழக்கமானதுதான். ஆனால் சரக்குக்கு அடையாளம் இடுவதற்குத் தமிழ் பிடித்த சொல் ‘பொறி’. காவிரிப்பூம்பட்டினத்துச் சுங்கச் சாவடியில் பண்டங்களின்மேல் சோழனின் ‘புலி பொறித்து’ வெளியே அனுப்பினார்கள் என்கிறது பட்டினப்பாலை. சிலப்பதிகாரம் அதே ஊரின் பண்டகசாலையைக் காட்டும்போது, வணிகர்கள் ‘தம்பெயர் பொறித்த’ மூட்டைகளைச் சொல்கிறது. பொறி என்றால் தீப்பொறி, பொறி என்றால் குறி. ஆங்கிலத்தில் நெருப்பும் குறியும் ஒரே சொல்லில் குடியிருப்பதுபோல நம்மிடமும் இருக்கின்றன. இதைப் பார்த்ததும் எனக்குக் கை பரபரத்தது. ஆனால் ‘எங்கள் தொண்டு நிறுவனத்தின் பொறி’ என்று நன்கொடைக் கடிதத்தில் எழுதிப் பாருங்கள். படிப்பவருக்கு எலிப்பொறிதான் நினைவுக்கு வரும். சரி, விட்டுவிட்டேன்.

அந்த இரண்டு வரிகளில் ஒரு பாடம் மட்டும் எடுத்து வைத்துக்கொண்டேன். அரசன் பொறித்தது தன் சின்னத்தை. வணிகன் பொறித்தது தன் பெயரை. இரண்டும் வேறு வேலை.

இப்போது ‘வணிக முத்திரை’க்கு வருகிறேன். இதில் தவறு ஒன்றல்ல. முதலாவது ‘வணிக’. இது கடையிலிருந்து வந்த ஒட்டு. ‘பிராண்ட்’ என்ற மூலச்சொல்லில் வணிகம் என்று தனியாக எதுவும் இல்லை. மொழிபெயர்த்தவர் சோப்பு விளம்பரத்தை மனத்தில் வைத்துக்கொண்டு அதைச் சேர்த்தார். சோப்புக்கு அது சரியாகவே இருக்கலாம். இரத்த தானக் குழுவுக்கும் ஊர் நூலகத்துக்கும் குளம் தூர்வாரும் இளைஞர் மன்றத்துக்கும் அதே சட்டையை மாட்டினால் எப்படி? இலாப நோக்கமற்ற அமைப்பு என்று பதிவுப் பத்திரத்தில் எழுதிவிட்டு, அட்டையில் ‘வணிக’ என்று தொடங்கினால் நன்கொடை கொடுக்க வந்தவர் ஒரு நிமிடம் யோசிக்கத்தான் செய்வார்.

இரண்டாவது ‘முத்திரை’. இது வடசொல் என்பது என் வழக்கு அல்ல. எனக்கு அந்த அளவுக்குத் தூய்மை வெறி கிடையாது, முத்திரை தமிழில் பிறந்த பிள்ளைபோலவே வளர்ந்த சொல். என் வழக்கு பொருளைப் பற்றியது. தமிழில் முத்திரையைக் குத்துகிறவர் எப்போதும் ஓர் அதிகாரி. தபால் முத்திரை, முத்திரைத்தாள், எடைக்கல்லில் முத்திரை, நெய் டப்பாவில் அக்மார்க் முத்திரை. எல்லாமே மேலிடத்தில் ஒருவர் பார்த்து, சரி என்று குத்திக் கொடுப்பது. ஒரு தடவை குத்தினால் வேலை முடிந்தது. மனிதர்மேல் குத்தினாலோ அது வசை: ‘அவனைச் சோம்பேறி என்று முத்திரை குத்திவிட்டார்கள்.’ ‘தன் முத்திரையைப் பதித்தார்’ என்று பாராட்டாகவும் சொல்கிறோம், ஆனால் அது ஓர் ஆளின் தனித்தன்மையைச் சொல்வது, நம்பிக்கையை அல்ல. வடிவமைப்புக்காரர்கள் பிராண்ட் என்று பேசுவது முழுக்க நம்பிக்கையைப் பற்றி. ஓர் அமைப்பைப் பற்றி மற்றவர்கள் மனத்தில் என்ன நிற்கிறது, பெயரைக் கேட்டதும் எது ஞாபகம் வருகிறது என்பது. அதை யாரும் குத்த முடியாது.

மூன்றாவதுதான் பெரிய குழப்பம். சட்டத்தில் ‘டிரேட் மார்க்’ என்று ஒன்று இருக்கிறது. இந்தியாவில் அதற்கு 1999ஆம் ஆண்டுச் சட்டம், பதிவு, பத்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பித்தல் எல்லாம் உண்டு. தமிழில் வணிகக்குறி, வணிகச் சின்னம், வணிக முத்திரை என்று மாற்றி மாற்றி எழுதுகிறார்கள். ‘வணிக முத்திரை’ என்பதை பிராண்டுக்கும் கொடுத்துவிட்டால் பதிவு செய்யக்கூடிய சொத்தும், பதிவே செய்ய முடியாத மதிப்பும் ஒரே சொல்லில் விழுகின்றன. தொண்டு அமைப்புக்கும் வணிகக்குறி தேவைப்படும் இடம் உண்டு, மறுக்கவில்லை. எங்கள் தலைமுறைக்கு டபிள்யூ.டபிள்யூ.எஃப். என்றால் சீட்டுக்கட்டில் வந்த மல்யுத்த வீரர்கள்தான், பாண்டா கரடி அப்புறம்தான். அதே மூன்றெழுத்தைப் பெயராகவும் பாண்டாவை அடையாளமாகவும் கொண்ட இயற்கைப் பாதுகாப்பு நிதியம் பிரிட்டனில் வழக்காடி வென்று, 2002இல் மல்யுத்த நிறுவனம் கடைசி எழுத்தை மாற்றிக்கொண்டு டபிள்யூ.டபிள்யூ.இ. ஆனது. அது வணிகக்குறிச் சண்டை. அதற்கு அந்தச் சொல் பொருந்தும், அங்கேயே இருக்கட்டும்.

பாண்டாவைப் பேச்சில் இழுத்ததால் இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். 1961இல் அந்த நிதியம் தொடங்கியபோது லண்டன் விலங்குக் காட்சிசாலையில் சீ-சீ என்ற பாண்டா இருந்தது. ஓவியர் ஜெரால்டு வாட்டர்சன் போட்ட கோட்டோவியங்களை வைத்து, நிதியத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான பீட்டர் ஸ்காட் முதல் வடிவத்தை வரைந்தார். கறுப்பு வெள்ளை விலங்கு, அச்சுச் செலவு குறையும் என்பதும் ஒரு காரணம். சிறு அமைப்புகள் சட்டகம் போட்டு மாட்டவேண்டிய காரணம் அது. அந்தக் கரடிப் படம் இலச்சினை, அதாவது லோகோ. அதைப் பார்த்ததும் ‘காட்டைக் காப்பாற்றுகிறவர்கள்’ என்று நமக்குத் தோன்றுகிறதே, அது பிராண்ட். படத்தை ஒரு வாரத்தில் மாற்றலாம், தோன்றுவதை மாற்ற முடியாது. இந்த வேறுபாடு தெரியாமல்தான் ‘எங்கள் பிராண்டை மெயிலில் அனுப்புகிறோம்’ என்று படக்கோப்பு அனுப்புகிறார்கள்.

லோகோவுக்கு இலச்சினை என்பது இலங்கைத் தமிழர் விடாமல் புழங்கும் சொல், நல்ல சொல். தமிழ்நாட்டில் ‘சின்னம்’ என்கிறோம். ஆனால் இங்கே சின்னம் என்றால் வாக்குச்சீட்டு வாசனை வந்துவிடுகிறது. செஞ்சிலுவை போன்றவற்றுக்கு வேண்டுமானால் அதை ஒதுக்கலாம். அது போர்க்களத்தில் உயிர்காக்கும் அடையாளம், அழகுக்குப் போட்டது அல்ல. கண்டவர் பயன்படுத்தக்கூடாது என்று இந்தியாவில் 1960ஆம் ஆண்டிலேயே சட்டம் போட்டுவிட்டார்கள். மருந்துக் கடைப் பலகைகளைப் பார்த்தால் அப்படித் தெரியாது, அது வேறு கதை.

அடுத்த போட்டியாளர் ‘வர்த்தக நாமம்’. இலங்கைப் பத்திரிகைகளில் பிராண்டுக்கு இதுதான் நிலைத்த சொல். பிஸ்கட்டுக்கும் தேயிலைக்கும் அங்கே அது இயல்பாக ஓடுகிறது, அதில் தலையிட எனக்கு உரிமை இல்லை. இன்னும் சொன்னால், ‘நாமம்’ என்று பெயரைப் பிடித்த வகையில் அது முத்திரையைவிட ஒரு படி மேல். ஆனால் அதை அப்படியே தமிழ்நாட்டுத் தொண்டு அமைப்பின் துண்டறிக்கையில் கொண்டுவந்து வைத்தால் என்ன ஆகும்? இங்கே ‘நாமம் போட்டான்’ என்றால் பணத்தை வாங்கி ஏமாற்றினான் என்று அர்த்தம். நன்கொடை கேட்கும் தாளில் வர்த்தகத்தையும் நாமத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைப்பதற்கு அசாத்தியத் துணிச்சல் வேண்டும்.

அப்படியென்றால் ‘பிராண்டு’ என்றே எழுதிவிடலாமே என்பார்கள். எழுதலாம், பேச்சில் எல்லாரும் அப்படித்தான் சொல்கிறோம். ஆனால் கடைசியில் உகரம் சேர்ந்ததும் அது பூனை செய்யும் வேலையாகிவிடுகிறது. ‘உங்கள் அமைப்பைப் பிராண்டுவது எப்படி’ என்று ஒரு பயிலரங்கத் தலைப்பை நானே பார்த்தேன். போகவில்லை.

என் பரிந்துரை, பெயர். வெறும் பெயர். பேச்சில் பேர். சிரிக்கவேண்டாம், வடிவமைப்புக்காரர்கள் பத்துப் பக்கத்தில் விளக்குவதை இந்தச் சொல் எப்போதோ வைத்திருக்கிறது. நல்ல பேர் எடுத்தான். பேரைக் கெடுத்துக்கொண்டான். அப்பன் பேரைக் காப்பாற்றினான். மணப்பாறை முறுக்குக்குப் பேர்போனது. இந்த வாக்கியங்களில் ‘பேர்’ என்பது அழைக்கும் பெயர் அல்ல, ஊர் மனத்தில் நிற்கும் மதிப்பு. சம்பாதிக்கலாம், இழக்கலாம், காக்கலாம், குத்தி வாங்க முடியாது. ஐயம் வரும் இடத்தில் ‘நற்பெயர்’ என்று எழுதிக்கொள்ளுங்கள். நிறம், எழுத்துரு, இலச்சினை, பேசும் தொனி ஆகிய புறப்பொருள்கள் மொத்தத்துக்கும் ‘அடையாளம்’ போதும். பெயர், அடையாளம், இலச்சினை: மூன்று வேலைக்கு மூன்று சொல், மூன்றுமே அந்தப் பொருளாளருக்கு விளக்கம் இல்லாமல் புரிந்தன.

புரிந்ததும் அவர் கையேட்டில் இல்லாத ஒன்றைப் பிடித்தார். அமைப்பின் துண்டறிக்கையில் இருக்கும் கியூஆர் கட்டத்தை ஸ்கேன் செய்தால் திரையில் வருவது பழைய செயலாளரின் சொந்தப் பெயர். அமைப்புக்கு வங்கிக் கணக்கு இல்லாத காலத்தில் அச்சடித்தது, அப்படியே ஓடிக்கொண்டிருக்கிறது. பணம் போட வந்தவர் யாரோ ஒருவர் பெயரைப் பார்த்து நிறுத்தியிருப்பார். கையேடோ லோகோவைச் சுற்றி எத்தனை மில்லிமீட்டர் இடம் விடவேண்டும் என்று படம் போட்டுக் காட்டுகிறது. ‘வணிக முத்திரை’ என்று படித்த வரைக்கும் இந்தக் குறை யார் கண்ணிலும் படவில்லை. ‘பேர்’ என்று சொன்னதும் பட்டது.

மொழிபெயர்ப்பாளர்கள்மேல் எனக்குள்ள பொதுவான கோபமும் இதுதான். அகராதியில் முதலில் கிடைத்ததை எடுத்து, பக்கம் முழுக்க ஒரே சொல்லை ஒட்டிக்கொண்டே போகிறார்கள். இப்போது அந்த வேலையையும் இயந்திரம் செய்கிறது, வேகமாகச் செய்கிறது. ‘பிராண்ட் விழிப்புணர்வு’ என்ற தொடரைப் பாருங்கள். தமிழில் விழிப்புணர்வு எதற்கு வரும்? டெங்குவுக்கு வரும், தலைக்கவசத்துக்கு வரும், இணைய மோசடிக்கு வரும். ஜாக்கிரதையாக இருக்கவேண்டிய விஷயத்துக்குத்தான் வரும். ஓர் அமைப்பைப் பற்றி விழிப்புணர்வு ஏற்படுத்தினால் மக்கள் பணப்பையை இறுக்கிக்கொள்வார்கள். ‘நம்மை நாலு பேருக்குத் தெரியவைப்பது’ என்று எழுத என்ன கேடு?

எல்லாரும் அப்படி என்று சொல்லமாட்டேன். ‘பிராண்ட் அம்பாசிடர்’ என்பதை ‘விளம்பரத் தூதர்’ என்று யாரோ ஒரு பத்திரிகைக்காரர் ஆக்கினார். மூலச்சொல்லைத் தொடாமல் வேலையைப் பார்த்துப் பெயர் வைத்தார், நின்றுவிட்டது. ‘புவிசார் குறியீடு’ இன்னும் நல்லது. 2019இல் பழனிப் பஞ்சாமிர்தத்துக்கும் திண்டுக்கல் பூட்டுக்கும், 2023இல் மணப்பாறை முறுக்குக்கும் அது கிடைத்தபோது டீக்கடையில்கூட அந்தச் சொல்லையே சொன்னார்கள். அதை உருவாக்கியவர் ‘நிலவியல் வணிக முத்திரை’ என்று வைத்திருந்தால் முறுக்கைத் தின்றுவிட்டுச் சும்மா இருந்திருப்போம்.

கையேட்டின் அட்டையில் இப்போது ‘நம் பெயரும் அடையாளமும்’ என்று இருக்கிறது. உள்பக்கங்களில் அறுபத்தேழு இடத்தில் ‘வணிக முத்திரை’யைத் தேடி மாற்றினோம். ஒட்டுமொத்தமாக மாற்றும் வசதியை நம்பிவிட்டதில் ஓரிடத்தில் மட்டும் ‘நாங்கள் பெயருக்கு ஆசிரியர்களை நியமிப்பதில்லை’ என்று ஏதோ விபரீதமாக வந்துவிட்டது. ஆசிரியை சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டுத் திருப்பி அனுப்பியிருக்கிறார். கியூஆர் கட்டத்துக்கு வங்கியில் மனு கொடுத்தாகிவிட்டது.