"நீ வரவேண்டாம்" என்றால் என்ன பொருள்?

கிளிநொச்சியில் உளவளத்துணையாளராகப் பணியாற்றும் நான் அடிக்கடி கேட்கும் முறைப்பாடு, "அவர் என்னை விளங்கிக்கொள்றார் இல்லை" என்பதாகும். இப்படிச் சொல்பவர், தான் மற்றவரை முற்றாக விளங்கிவைத்திருப்பதாகவே பெரும்பாலும் எண்ணியிருப்பார்.

இரணைமடுக் குளத்து நீரை நம்பி வயல் செய்யும் தந்தையொருவரும் அவருடைய 19 வயது மகனும் என்னிடம் வந்திருந்தனர் (அடையாளம் தெரியாதிருக்கச் சில விபரங்களை மாற்றியே எழுதுகிறேன்). அரிவுவெட்டு நாட்களில் மகனை வயலுக்கு வரவேண்டாம் என்று தகப்பனார் சொல்லிவிடுவார். சாதாரண தரத்தில் கணிதம் தவறியதிலிருந்து அப்பா தன்னை ஒன்றுக்கும் உதவாதவனாக எண்ணுகிறார் என்பது மகனின் முடிவு. மறுபேச்சில்லாமல் போனோடு இருந்துவிடுவதால், வயல் வேலை அவனுக்குக் கௌரவக் குறைவாகப் படுகிறது என்பது தகப்பனின் முடிவு. என்னிடமும் ஒரு முடிவு இருந்தது: 2009இல் பட்ட பயத்தினால்தான் பிள்ளையைப் பொத்திப் பொத்தி வைத்திருக்கிறார் என்று நினைத்தேன். வன்னியில் எந்த மௌனத்தைக் கண்டாலும் அதைப் போரோடு முடிச்சுப்போடுவது எமது துறையினரிடம் தொற்றியிருக்கும் பழக்கம். பல வேளைகளில் அது சரியாகவும் இருந்துவிடுவதால், பிழைக்கும் இடத்தைக் காணத் தவறிவிடுகிறோம்.

"ஐயா, தம்பி வயலுக்கு வந்தா என்ன நடக்குமெண்டு நினைக்கிறீங்கள்?" என்று கேட்டேன். அவர் தோளில் கிடந்த துவாயை எடுத்து, நான்காக மடித்து, மடியில் வைத்துக்கொண்டார். "சின்னனில இவனுக்கு முட்டு. சூடடிக்கிற தூசு பட்டா விடிய விடிய இருத்தி வச்சிருக்க வேணும்" என்றார். மகன் நிமிர்ந்து பார்த்தான். ஆறேழு வயதோடு நின்றுபோன அந்த மூச்சிழுப்பு வருத்தம் அவனுடைய நினைவிலேயே இல்லை.

1990இல் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தில் எலிசபெத் நியூட்டன் செய்த ஆய்வொன்றில், சிலர் எல்லோருக்கும் தெரிந்த பாடல்களின் தாளத்தை மேசையில் விரலால் தட்ட, மற்றவர்கள் அது எந்தப் பாட்டென்று சொல்ல வேண்டியிருந்தது. பாதியளவாவது கண்டுபிடிக்கப்படும் என்று தட்டியவர்கள் கணித்தார்கள். ஆனால் 120 பாடல்களில் 3 மட்டுமே கண்டுபிடிக்கப்பட்டன. தட்டுபவருக்குள் பாட்டு முழுதாக ஓடிக்கொண்டிருக்கும். கேட்பவரை எட்டுவது தட்டற் சத்தம் மட்டுந்தான். "நீ வரவேண்டாம்" என்ற தகப்பனுக்குள்ளும் மகன் மூச்சு இழுத்துக் கிடந்த இரவுகள் ஓடிக்கொண்டிருந்தன.

"மற்றவரின் இடத்தில் உங்களை வைத்துப் பாருங்கள்" என்று நானும் பல காலம் சொல்லிவந்தேன். தால் எயால், மேரி ஸ்டெஃபல், நிக்கலஸ் எப்லி ஆகியோர் 25 பரிசோதனைகளைக் கொண்டு 2018இல் வெளியிட்ட கட்டுரை, அவ்வாறு கற்பனை செய்வதால் மற்றவரின் மனதை நாம் கூடுதல் சரியாக அறிவதில்லை என்றும், நேரே கேட்டறிவதே உதவுகிறது என்றும் காட்டியபோது, அந்த அறிவுரையைச் சொல்வதைக் குறைத்துக்கொண்டேன். இந்த மகனும் தகப்பனின் இடத்தில் தன்னை வைத்துப் பார்க்காமல் இல்லை. பார்த்துத்தான், சித்தியடையாத பிள்ளைக்காக வெட்கப்படும் ஒரு தகப்பனை அங்கே கண்டான். அது அவனுடைய வெட்கம்.

ஆனால் எந்தக் கேள்வியும் போதும் என்றில்லை. "விளங்குதோ?" என்று கேட்டால் எங்கள் பக்கத்தில் "ஓம்" என்ற பதில்தான் வரும். அந்த "ஓம்" விளங்கியதைக் குறிக்கலாம். மரியாதைக்குச் சொன்னதாக இருக்கலாம். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது, விடுங்கள் என்பதாகவும் இருக்கலாம். கிளினிக்கில் மருந்து எடுக்கும் முறையைச் சொல்லிக்கொடுப்பவர்களும், பெற்றோர் கூட்டத்தில் பேசும் ஆசிரியர்களும் இந்த "ஓம்"ஐ நம்பி ஏமாறுவதை நான் கண்டிருக்கிறேன். அதற்குப் பதிலாக, "வீட்டில போய் இதை எப்பிடிச் சொல்லுவீங்கள்?" என்று கேட்டால், எது போய்ச் சேர்ந்தது, எது சேரவில்லை என்பது அவருடைய வாயாலேயே வெளிவந்துவிடும்.

அடுத்த அமர்வுக்குத் தந்தையும் மகனும் வரவில்லை. அன்று சொன்னது மனதைப் புண்படுத்திவிட்டதோ என்று பழையபடி ஊகிக்கத் தொடங்கியவன், பிறகு தொலைபேசியில் அழைத்துக் கேட்டேன். அவர்களுடைய வாய்க்காலுக்கு அன்று தண்ணீர் முறை என்றும், இருவரும் வயலில் நிற்கிறார்கள் என்றும் தாயார் சொன்னார்.